பிளான்ட் சுத்தம்... குழாய்?

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் பொதுவாக ஆர்.ஓ. பிளான்ட் வைத்தாச்சா? கேன்காரருக்குப் போன் போட வேண்டாம். வீட்டுக்கு வீடு ஃபில்டர் மாட்ட வேண்டாம். நல்ல விஷயம்தான். ஆனா, பிளான்ட்டிலிருந்து உங்கள் டம்ளர் வரைக்கும் அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது என்று யாராவது கேட்டீங்களா?

லாரித் தண்ணீரோ, போர் தண்ணீரோ, சம்ப்பில் குளோரின் போடுகிறோம். அது ஆர்.ஓ. சவ்வைக் கெடுத்துவிடும் என்பதால், முன்னாலேயே கார்பன் ஃபில்டர் அதை எடுத்துவிடுகிறது. அப்புறம் சவ்வு உப்பையும் கிருமியையும் தடுக்கிறது. வெளியே வருவது சுத்தமான தண்ணீர். ஆனால் காவலுக்கு ஆளில்லாத தண்ணீர்! அதைத் தொட்டியில் ஏற்றி, பத்து மாடிக் குழாயில் ராத்திரி முழுக்க நிற்க வைத்தால்? குழாயின் உட்சுவரில் வழவழவென்று படலம் பிடிக்கும். அதில் கிருமிகள் குடியேறும். கரண்ட் போய் பம்ப் நின்றால் அழுத்தம் குறையும். எங்காவது விரிசல் இருந்தால், பக்கத்துச் சாக்கடைக் கசிவு உள்ளே புகுந்துவிடும். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வருகிற வழிகளில் இதுவும் ஒன்று. ஹெபடைடிஸ்-ஈ வகைக் காமாலை கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சர்வீஸுக்கு வருகிறவர் பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கி, "டி.டி.எஸ். 80, சூப்பர் சார்!" என்பார். நாமும் தலையாட்டுவோம். அது உப்புக் கணக்குங்க, கிருமிக் கணக்கு இல்லை! (லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரம்.) அதே தரம்தான், 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதைப் பரிசோதனைக் கூடத்தில்தான் பார்க்கணும். சாம்பிளைப் பிளான்ட் வாசலில் மட்டும் எடுத்தால் போதாது. பிளான்ட்டுக்கு ரொம்பத் தள்ளி இருக்கிற வீட்டுக் குழாயிலும் எடுக்கச் சொல்லுங்க.

அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் கேளுங்க: செலவாகாத தண்ணீர் குழாயிலேயே தேங்குகிறதா, இல்லை, சுற்றித் தொட்டிக்கே திரும்பி, யு.வி. விளக்கைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கிறதா? யு.வி. தன்னைக் கடக்கும் கிருமியை மட்டுமே ஒழிக்கும். பிறகு வழியில் சேர்வதற்கு அது பொறுப்பில்லை. தொட்டியைக் கடைசியாக எப்போ கழுவினாங்க என்பதையும் விடாதீங்க.

ரிசல்ட் வரும்வரை கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொதிக்க வைத்த தண்ணீர்தான். ஊருக்குப் போய் வந்தீங்களா? முதல் இரண்டு மூன்று நிமிடத் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துவிடுங்க. வீடு துடைக்க ஆகும்.