முடிஞ்சிடுச்சு மாமா!

'அடுத்த மாசம் முடிஞ்சிடும்!'

இந்த ஒரு வாக்கியத்தை ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீடு கட்டுகிறவர்களும், பி.எச்டி. பண்ணுகிறவர்களும்தான் இந்த அளவுக்குப் பொய் சொல்வார்கள். நான் பண்ணிக்கொண்டிருந்தது... ஒரு கார்!

தாம்பரத்தில் மாமனார் வீட்டு மாமரத்தடியில், நாலு டயரிலும் காற்றில்லாமல் உட்கார்ந்திருந்த 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மெட்ராஸிலேயே தயாரான வண்டி. அசல் சொந்த ஊர்க்காரி!

"எடுத்துக்குங்க மாப்பிள்ளை" என்றார் மாமா, 2018-ல். பின் சீட்டில் குடியிருந்த பூனையும் மூன்று குட்டிகளும் இலவச இணைப்பு.

அப்போது எனக்கு 'ஹாட் ராட்' பைத்தியம். அமெரிக்க சமாசாரம். 1932-ல் ஃபோர்டு கம்பெனி, சாமானியர் வாங்கக்கூடிய விலையில் வி-8 எஞ்சின் கார் ஒன்றை விட்டது. அது பழசாகி மலிந்ததும், கலிஃபோர்னியா பையன்கள் மட்கார்டைக் கழற்றி, கூரையைத் தாழ்த்தி, எஞ்சினை முறுக்கேற்றி, எல் மிராஜ் மாதிரியான காய்ந்த ஏரிகளில் பறக்கவிட்டார்கள். எல்லாம் வீட்டு ஷெட்டில் செய்த கைவேலை.

நானும் ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெரிசாக ஒன்றை வைத்து, கூரையை அறுத்து, ஆரஞ்சு கலர் அடித்து, ஆபீஸ் வாசலில் போய் இறங்குவதாக பிளான். படம் போட்டு மாமாவிடம் காட்டினேன். "நல்லாருக்கு" என்றார். மறுநாள் பார்த்தால், பானெட்டில் இருந்த பேட்ஜைக் காணோம்!

"பூனை தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள் மனைவி, அப்பா முகத்தைப் பார்க்காமல்.

மெக்கானிக் என் ஆசையில் முதல் ஆணி அடித்தார். "சார், வளைவுல வேகமாப் போயி சட்டுனு ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தா, இந்த வண்டிக்குப் பின் சக்கரம் உள்ளே மடங்கும். பெரிய எஞ்சின் வெச்சீங்கன்னா நீங்க ஒரு பக்கம், கார் ஒரு பக்கம்!"

அடுத்த ஆணி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, கம்பெனி குறிப்பிட்ட அசல் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. எஞ்சின் மாற்றினாலும் அதே ரகம்தான், ஆர்.டி.ஓ. அனுமதியோடு.

ஹூம்! பழைய உருவத்திலேயே உயிர் கொடுப்பது என்று முடிவானது.

வீட்டில் வைத்து வேலை பார்க்கவென்றே பிறந்தது ஹெரால்டு. சேஸிஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் தூக்கிவிடலாம். பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாக, முதலை வாய் மாதிரி முன்பக்கம் திறக்கும். டயர் மேல் உட்கார்ந்து காபி குடித்தபடியே எஞ்சினைக் கழற்றலாம். கழற்றினேன். மாட்டத்தான் ஆறு வருஷம்!

பெரிய வேலையெல்லாம் மூன்று வருஷத்தில் முடிந்தது. துருப்பிடித்த சேஸிஸுக்கு வெல்டிங், டிங்கரிங், புது பிரேக்... எஞ்சினும் உறுமியது. அப்புறம்தான் வினை. கண்ணாடி பீடிங்குக்கும் கதவுப் பிடிக்கும் சனிக்கிழமைதோறும் புதுப்பேட்டை அலைச்சல். இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். பழைய ரப்பரைக் கெடுத்துவிடும். பெட்ரோல் குழாய், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது.

உண்மையைச் சொன்னால், முடிக்க எனக்கே மனசில்லை. முடியாத காரை யாரும் குறை சொல்ல முடியாது. தெருவில் இறக்கினால்தானே லொடலொட சத்தம் ஊருக்குத் தெரியும்!

ஒருநாள் ராத்திரி மனைவி கேட்டாள். "என்னங்க, டாக்டர் சொன்னதை அப்பா உங்ககிட்ட சொன்னாரா?"

கிளாக்கோமா. போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து.

"நேத்து கார்கிட்ட நின்னு கையால தடவிப் பார்த்துட்டு இருந்தார்."

சுருக்கென்றது. எண்பத்து நாலு வயசு மனுஷர், 'எப்போ முடியும் மாப்பிள்ளை?' என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அன்றைக்கே ஒரு பேப்பரில் மூன்று பட்டியல் போட்டேன். ஓடுவதற்கு வேண்டியவை, நிற்பதற்கு வேண்டியவை, அழகுக்கு வேண்டியவை. மூன்றாவதை அப்படியே அடித்தேன். ஒன்றைத் தவிர. ஆர்.சி.யில் இருந்த அதே நீலம்!

பதினோரு ஞாயிறுகள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்த்துவிட்டு, ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

"மாமா, முடிஞ்சிடுச்சு" என்றேன். இடது கண்ணாடி ஏறாது, டேஷ்போர்டு கடிகாரம் ஓடாது. இருந்தாலும் சொன்னேன்.

உள்ளே போனவர் கைக்குட்டையில் பொதிந்த எதையோ எடுத்து வந்தார். பேட்ஜ்! "அறுத்துடுவீங்களோன்னு பயந்துட்டேன் மாப்பிள்ளை."

தலையைத் திருப்பித் திருப்பி, துண்டு துண்டாக அந்த நீலத்தைப் பார்த்தார். பிறகு முன் சீட்டில் ஏறி, ஏறாத கண்ணாடி வழியே கையை வெளியே நீட்டிக்கொண்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் மூன்றாவது கியர் போட்டேன். கீழேயிருந்து 'ஙொய்ய்ய்' என்று ஒரு முனகல்.

"அடுத்த மாசம் சரி பண்ணிடறேன் மாமா" என்றேன் அவசரமாக.

"வேணாம். அது 1967-லேர்ந்தே வருது!" என்றார்.