பங்கு விலைத் தளம்பலும் முதலீட்டின் இடரும்

வன்னி நிலத்தின் வாழ்வு குளத்து நீரை நம்பியது. கிளிநொச்சியின் இரணைமடு, முல்லைத்தீவின் முத்தையன்கட்டு, வவுனியாவின் பாவற்குளம் ஆகியவற்றின் கீழ்ப் பயிரிடுவோர், மழைவீழ்ச்சியின் சராசரியை மட்டும் எண்ணி வயலில் இறங்குவதில்லை. ஓராண்டிற் குளம் வான்பாயும். மற்றோராண்டில் அடிநீரே எஞ்சும். 2018 திசெம்பர்ப் பெருமழையின்போது இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் ஊர்கள் பல வெள்ளத்துள் ஆழ்ந்தன. சராசரி எவ்வளவு என்பது ஒரு வினா. அச்சராசரியினின்றும் ஆண்டுதோறும் எவ்வளவு விலகக்கூடும் என்பது வேறொரு வினா. பங்கு முதலீட்டின் இடரை அளப்பதற்குப் பொருளியலார் கைக்கொள்ளும் முறை, இவ்விரண்டாவது வினாவிலிருந்தே பிறந்ததாகும்.

பங்கு என்பது ஒரு கம்பனியின் உடைமையில் ஒரு சிறு கூறு. கம்பனி ஈட்டும் இலாபத்திற் பங்கிலாபம் கிடைக்கலாம். பங்கின் விலை ஏறினால் விற்று ஊதியம் பெறலாம். இறங்கினால் நட்டமும் நேரலாம். அவ்விலை நாளுக்கு நாள் ஏறியும் இறங்கியும் நிற்பதையே தளம்பல் என்கிறோம். அதனை வெறுங் கண்ணாற் பார்த்து, கூடுதல், குறைவு என்று சொல்வது போதாது. எண்ணால் அளத்தல் வேண்டும்.

இரு பங்குகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது பங்கு ஐந்து ஆண்டுகளில் முறையே 8, 12, 9, 11, 10 வீதம் ஊதியம் தந்தது. இரண்டாவது பங்கு முதலாண்டில் 40 வீதம் ஏறி, அடுத்த ஆண்டில் 25 வீதம் இறங்கி, பின்னர் 35 வீதம் ஏறி, 20 வீதம் இறங்கி, ஈற்றில் 20 வீதம் ஏறியது. கூட்டி ஐந்தால் வகுத்தால், இரண்டின் சராசரியும் 10 வீதமே. ஆனால் ஒவ்வோராண்டின் ஊதியமும் சராசரியினின்று எவ்வளவு விலகியது எனக் கண்டு, அவ்விலகல்களை வர்க்கித்து, அவற்றின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் எண் வேறாகும். அதனையே நியம விலகல் என்பர். முதலாவது பங்குக்கு அது 1.4, இரண்டாவதற்கு 27.4.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கன்று. முதலாவது பங்கில் இட்ட 100 ரூபா ஐந்தாம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 161 ரூபாவாகும். இரண்டாவதில் இட்ட 100 ரூபா 136 ரூபா அளவிலேயே நிற்கும். சராசரி ஒன்றாயினும், தளம்பல் மிகுந்த வழியிற் செல்வம் குறைவாகவே வளர்கிறது. பாதியாக வீழ்ந்த விலை பழைய நிலையை எய்துவதற்கு இருமடங்காக உயரவேண்டும் என்பதே இதன் காரணம்.

இவ்வளவீட்டை முதலீட்டுக் கலையின் நடுவே வைத்தவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஹரி மார்க்கோவிற்ஸ் ஆவார். 1952 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, ஊதியத்தோடு தளம்பலையும் ஒருங்கே எடைபோட வேண்டுமென்று காட்டியது. 1990 ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர். ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்காத பங்குகளைக் கலந்து வைத்திருப்பின் மொத்தத் தளம்பல் தணியும் என்பது அவருடைய முதன்மையான முடிவு. தாழ்நிலத்தில் நெல்லும் மேட்டுநிலத்தில் உழுந்தும் கச்சானும் விதைத்து, பட்டியில் மாடும் வைத்திருக்கும் வன்னிக் கமக்காரனுக்கு இவ்வுண்மை புதிதன்று. எனினும் பெருவெள்ளம் வந்தால் வயலும் மேடும் ஒருங்கே அழிவதுண்டு. அதுபோலப் பெரும் நெருக்கடியிற் பங்குகள் யாவும் ஒன்றாக வீழ்வதும் உண்டு.

இலங்கையின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்றது. 2008 இறுதியில் 1,500 அளவில் இருந்த கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச்சுட்டெண், 2010 இறுதியில் 6,600 ஐத் தாண்டியது. அவ்வேற்றத்தைக் கண்டு பின்னர் நுழைந்தோர், 2011 இலும் 2012 இலும் தொடர்ந்து இறக்கத்தையே கண்டனர். 2021 இறுதியில் 12,200 ஐக் கடந்திருந்த அதே சுட்டெண், 2022 இறுதியில் 8,500 க்கும் கீழே வந்தது. 2024 இறுதியில் மீண்டெழுந்து 15,900 ஐத் தாண்டியது. 2022 இல் மகளின் திருமணத்திற்காகவோ மருத்துவத்திற்காகவோ விற்க நேர்ந்தவருக்கு நட்டம் உறுதியாயிற்று. காத்திருக்க இயன்றவருக்கு இட்ட தொகை மீண்டது. ஆயினும் அக்காலத்திற் பொருள்களின் விலை அதனினும் மிகுதியாக ஏறியமையால், அவரும் முழுமையாகத் தப்பினாரல்லர்.

இங்கே ஓர் உண்மை புலனாகும். தளம்பல் பங்கின் இயல்பு. இடரோ பங்குக்கும் அதனை வைத்திருப்பவருக்கும் இடையே உள்ள தொடர்பு. அடுத்த போகத்திற்கு விதைநெல்லும் உரமும் வாங்க வேண்டிய பணத்திற்கு ஆறு மாதத் தளம்பலே பேரிடர். இருபது ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்திற்கு அதே தளம்பல் ஒரு தொல்லையேயன்றி அழிவன்று. அக்கம்பனி முறிந்து போமாயின் அப்பணம் மீளா நட்டமாகும். அந்த இடரை நேற்றுவரையிலான விலைகளின் நியம விலகல் முன்கூட்டி அறிவிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மேலும், அமைதியாக இருப்பதெல்லாம் பாதுகாப்பானதும் அன்று. இதனை உணர்த்தப் பங்குச் சந்தைக்கு அப்பாலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021 இன் பிற்பகுதியிலிருந்து 2022 மார்ச் தொடக்கம்வரை, அமெரிக்க டொலரின் விலை வங்கிகளில் 200 ரூபாவை அடுத்து ஏறக்குறைய அசையாது நிறுத்தப்பட்டிருந்தது. தளம்பலை மட்டும் அளந்தவருக்கு அதனினும் பாதுகாப்பான விலை வேறு தோன்றியிராது. மார்ச் மாதத்தில் அக்கட்டுத் தளர்த்தப்பட்டதும், மே மாதத்துக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. அணையால் தடுக்கப்பட்ட நீர் மேலே சலனமின்றித் தோன்றினும், அதன் அழுத்தம் அணையின்மேல் வளர்ந்துகொண்டே இருந்தது.

அவ்வாண்டு வங்கியில் நிலையான வைப்பு வைத்திருந்தோர் கணக்கும் அத்தகையதே. வைப்புப் புத்தகத்தில் ஒரு சதமேனும் குறையவில்லை. ஆயின் 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. முந்தைய ஆண்டிற் 6 வீத வட்டிக்கு இடப்பட்ட 100 ரூபா 106 ரூபாவாயிற்று; முன்பு 100 ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கோ 170 ரூபா வேண்டியிருந்தது. போர் முடிந்தபின் வெறுங்கையோடு ஊர் திரும்பி, சிறுகச் சிறுகச் சேர்த்த குடும்பங்களுக்கு, ஏட்டில் தெரியாத இந்த இழப்பு சிறியதன்று.

இன்னொரு பொய்யமைதியும் உண்டு. சில சிறு கம்பனிகளின் பங்குகள் பல நாட்களுக்கு ஒருமுறையே கைமாறும். விலை அசையாதிருப்பது உறுதியினாலன்று, வாங்குவோர் இன்மையினால். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காரணமாகச் சந்தையே பல வாரங்கள் மூடப்பட்டது. மே மாதத்தில் மீளத் திறந்த நாளிலே, வீழ்ச்சி கடுமையாயிருந்தமையால் வணிகம் உடனே நிறுத்தப்பட்டது. மூடிய நாட்களில் விலை தளம்பவில்லை. ஆனால் விற்கவும் வழியில்லை.

ஆகவே, தளம்பல் பயனற்ற அளவுகோல் அன்று. அது ஒன்றே போதுமான அளவுகோலும் அன்று. பங்கொன்றை வாங்கக் கருதுவோர், அதன் விலை சென்ற ஆண்டுகளில் எவ்வளவு தளம்பியது என்று முதலிற் கேட்க வேண்டும். தமக்கு அப்பணம் எப்பொழுது தேவைப்படும் என்று அடுத்துக் கேட்க வேண்டும். கம்பனியின் கடன் எவ்வளவு, அதன் இலாபம் எதிலிருந்து வருகிறது, வேண்டியபோது விற்க இயலுமா என்று பின்னர் ஆராய வேண்டும். விலையேற்றத்தை மட்டும் காட்டி, இடரே இல்லை என்று கூறுவோர் சொல்லை ஏற்றல் ஆகாது.

சிறுபோகத்திற்கு முன் குளத்து நீர்மட்டத்தை அளந்து, எத்தனை ஏக்கர் விதைப்பதென்று கமக்காரர் கூட்டங்கூடி முடிவு செய்வது வன்னியின் வழமை. நீர் குறைந்த ஆண்டில் நிலம் முழுவதையும் விதைப்பதில்லை. அதற்காக நிலத்தைத் தரிசாகவே விட்டுவிடுவதும் இல்லை. முதலீட்டுக்கும் அந்த நிதானமே தக்கது. அன்றாடச் செலவுக்கும் அவசரத்துக்கும் உரிய பணத்தை உடன் எடுக்கத்தக்க வைப்பில் நிறுத்தி, எஞ்சியதில் ஒரு பகுதியையே பல துறைப் பங்குகளில் இடுவோர், விலை வீழும் நாளிலும் விற்றேயாக வேண்டிய நிலைக்கு ஆளாகார்.