சிகிச்சை முடிந்த பிறகு வரும் பயம்

கொல்கத்தாவில் ஹாஜ்ரா என்று ஒரு பகுதி இருக்கிறது. காளிகாட் கோயிலுக்குப் பக்கம். அங்கே சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலையம் இருக்கிறது.

தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பெரிய வக்கீல். விடுதலைப் போராட்டத் தலைவர். தம் வீட்டைப் பெண்களின் நலனுக்காகக் கொடுத்தார். அங்கே 1926-இல் சேவாசதன் மருத்துவமனை தொடங்கியது. பிறகு அதை ஒட்டிப் புற்றுநோய் மருத்துவமனையும் வந்தது. 1950 ஜனவரி 2-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் ஐரீன் ஜோலியோ கியூரி. ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரியின் மகள்.

இன்று அங்கே எத்தனையோ பெண்கள் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறார்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறார்கள். ஆனால் பலருக்கு அதன் பிறகுதான் பயம் வருகிறது.

ஏன் அப்படி?

ஒரு பெண்ணை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவரும் அங்கே வாழ்பவர். அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. மருந்து ஏற்றினார்கள். கதிர் வைத்தியமும் முடிந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

"அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே. இனி என்ன கவலை?" என்றார் கணவர்.

அவர் பதில் சொல்லவில்லை. இரவில் தூக்கம் வரவில்லை. ஒரு நாள் தண்ணீர் வாளியைத் தூக்கினார். முதுகு வலித்தது. 'நோய் எலும்புக்குப் போய்விட்டதோ?' என்று மனம் பதறியது. யாரிடமும் சொல்லவில்லை. பரிசோதனைக்குப் போகவேண்டிய தேதி வந்தது. "துர்கா பூஜை முடியட்டும்" என்று தள்ளிப்போட்டார்.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. சிகிச்சை நடக்கும்போது டாக்டரும் நர்சும் அடிக்கடி பார்க்கிறார்கள். அடுத்து என்ன என்று அவர்களே சொல்கிறார்கள். நோயை எதிர்த்து ஏதோ நடக்கிறது என்ற தைரியம் இருக்கிறது. சிகிச்சை முடிந்ததும் அந்தத் துணை குறைகிறது. அதுவரை அடக்கி வைத்த பயம் அப்போது வெளியே வருகிறது. இது கோழைத்தனம் அல்ல. மனக்கோளாறும் அல்ல. பெரிய ஆபத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இது இயல்பு.

எது ஆபத்து?

பயப்படுவது ஆபத்து அல்ல. பயத்தால் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

முதல் சில ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கவேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயும் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பார்கள். சிலருக்குத் தினமும் விழுங்க மாத்திரை தருவார்கள். அதை ஐந்து ஆண்டுகள், சில சமயம் பத்து ஆண்டுகள் சாப்பிடவேண்டும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

எல்லா வலியும் புற்றுநோய் வலி அல்ல. வாளி தூக்கினால் யாருக்கும் முதுகு வலிக்கும். வலி தொடங்கிய நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சில நாளில் குறைந்தால் நல்லது. இரண்டு வாரம் ஆகியும் குறையாவிட்டால், அல்லது அதிகமானால், டாக்டரிடம் போங்கள். விடாத இருமலுக்கும் இதே கணக்குத்தான். மூச்சுத் திணறினால் காத்திருக்க வேண்டாம். புதிய கட்டி தெரிந்தாலும், அறுவை செய்த பக்கத்துக் கை வீங்கிச் சிவந்தாலும் உடனே காட்டவேண்டும்.

பயத்தை எப்படிக் குறைப்பது?

மனம் பதறும்போது நிமிர்ந்து உட்காருங்கள். நான்கு எண்ணும் வரை மெதுவாக மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் இப்படிச் செய்தால் படபடப்பு குறையும்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். மாலையில் 15 நிமிடம் போதும். மனத்தில் உள்ளதை ஒரு நோட்டில் எழுதுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால், 'மாலையில் பார்க்கலாம்' என்று தள்ளி வையுங்கள். நோட்டில் உள்ள கேள்விகளை டாக்டரிடம் கேளுங்கள். எழுதப் படிக்கக் கற்றது இங்கே கை கொடுக்கும்.

தினமும் அரை மணி நேரம் நடங்கள். உடம்புக்கும் நல்லது. தூக்கமும் வரும்.

இதே நோயைக் கடந்து வந்த இன்னொரு பெண்ணிடம் பேசுங்கள். அவர் சொல்லும் ஆறுதலே வேறு. கொல்கத்தாவில் மார்பகப் புற்றுநோயைக் கண்ட பெண்கள் கூடி நடத்தும் 'ஹிதைஷிணி' என்ற அமைப்பு 1995 முதல் இப்படித்தான் துணை நிற்கிறது. ஹிதைஷிணி என்றால் நலம் நாடுபவள் என்று பொருள்.

பல வாரங்களாகத் தூக்கம் இல்லையா? சாப்பிடப் பிடிக்கவில்லையா? வாழ்வதே வீண் என்று தோன்றுகிறதா? மனநல டாக்டரைப் பாருங்கள். புற்றுநோய்க்காகச் சாப்பிடும் மாத்திரைகளை அவரிடம் காட்டுங்கள். சில மனநல மருந்துகள் அவற்றோடு ஒத்துப்போகாது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் பேசலாம். இது அரசின் டெலி மானஸ் சேவை. 2022-இல் தொடங்கியது. கட்டணம் இல்லை. தமிழிலும் வங்காளியிலும் பேசலாம்.

வீட்டார் என்ன செய்யவேண்டும்?

"அதையே நினைக்காதே" என்று வாயை அடைக்க வேண்டாம். "என்ன பயமா இருக்கு, சொல்லு" என்று கேளுங்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்க வேண்டாம்.

லேக் மார்க்கெட் பெண்ணின் மகள் இப்படித்தான் கேட்டாள். "அம்மா, ராத்திரி ஏன் தூங்க மாட்டேங்கிறே?" தாய் அழுதார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் இருவரும் சேர்ந்து ஹாஜ்ராவுக்குப் போனார்கள். டாக்டர் சோதித்தார். தசைப்பிடிப்புத்தான் என்றார்.

பயம் அடியோடு போய்விடவில்லை. அடுத்த பரிசோதனை நெருங்கும்போது மறுபடி வரும். ஆனால் அவர் இப்போது தேதியைத் தள்ளிப்போடுவதில்லை. காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பக்கத்தில் மகள் எழுதியிருக்கிறாள்: 'நானும் வருகிறேன்.'

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவரிடம் மற்றவர்கள் எப்படிப் பழகுகிறார்கள்?

2. பரிசோதனைக்குப் போக ஒருவர் பயந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?