புகையில்லா அடுப்பு: போடுவதும் பராமரிப்பதும்

(வானொலிப் பண்ணை ஒலிபரப்பில் இடம்பெற்ற பேச்சு)



2016-ஆம் ஆண்டு உஜ்வலா திட்டம் வந்தபின் பல வீடுகளுக்கு கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் வெந்நீர் போட, நெல் அவிக்க, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச விறகடுப்பு இன்னமும் எரியத்தான் செய்கிறது. சின்ன வீட்டிலே அந்தப் புகை எங்கே போகும்? ஊதுகுழலோடு உட்கார்ந்திருக்கிற தாயின் கண்ணுக்கும், தூளியில் தூங்குகிற பிள்ளையின் நெஞ்சுக்கும்தான் போகும். பெரியவர்களுக்குத் தீராத இருமலும் இளைப்பும், குழந்தைகளுக்கு நிமோனியாவும் வர இந்தப் புகை ஒரு முக்கியக் காரணம்.

1983-இல் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கென்று தேசியத் திட்டமே தொடங்கியது. இருந்தும் பல வீடுகளில் அந்த அடுப்பு நிலைக்கவில்லை. குழாயில் கரி அடைத்ததும், ‘இது சரிப்படாது’ன்னு இடித்துவிட்டார்கள். ஆகவே, போடுவது பாதி வேலை. பராமரிப்பது மீதிப் பாதி.

முதலில் இடம். வெளிச்சுவரை ஒட்டிப் போடுங்கள். வாசல் காற்று நேராக அடுப்பு வாயில் மோதக் கூடாது. மேலே விறகோ வைக்கோலோ வைத்த பரண் இருக்கக் கூடாது. அடுப்பின் உயரத்தைச் சமைக்கிறவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது மண். களிமண், மணல், சாணம், உமி நான்கையும் பிசைந்து மூன்று நாள் ஊற விடுங்கள். ஓர் உருண்டை பிடித்துக் காயவைத்துப் பாருங்கள். வெடித்தால் மணல் சேருங்கள். உதிர்ந்தால் களிமண் சேருங்கள்.

அடுப்புக்கு இரண்டு கண். முன் கண்ணில் தீ எரியும். அந்த அனல் ஒரு சுரங்க வழியாகப் பின் கண்ணுக்குப் போய், அங்கிருந்து புகைக்குழாயில் ஏறும். சுரங்கம் செய்ய சுலப வழி ஒன்று உண்டு. நாலு அங்குல வாழைத்தண்டை வைத்து மேலே மண் பூசுங்கள்; மண் இறுகியதும் உருவி எடுங்கள். முன் கண்ணில் பாத்திரத்தின் அடிக்கும் தரைக்கும் ஆறு அங்குலம் இருக்கட்டும். பின் கண்ணில் இரண்டு அங்குலம் போதும்; அப்போதுதான் அனல் பாத்திரத்தைத் தழுவிப் போகும். நீங்கள் புழங்குகிற பாத்திரத்தையே ஈரமண்ணில் அழுத்திக் கண்களுக்கு அளவெடுங்கள். சந்து இருந்தால் புகை வீட்டுக்குள்ளேதான் வரும். பின் கண்ணையும் சும்மா விடாதீர்கள். ஒரு பானைத் தண்ணீராவது வையுங்கள்.

குழாய்க்கு நாலு அங்குலச் சுட்ட மண் குழாயோ தகரக் குழாயோ போதும். கல்நார்க் குழாய் வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஓட்டு வீட்டில் குழாய் முகட்டுக்கு மேல் இரண்டடி நிற்கட்டும். கூரை வீடென்றால் கீற்றுக்குள் குழாயை ஏற்றவே ஏற்றாதீர்கள். சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து, இறவாணத்தைத் தாண்டி இரண்டடி தள்ளி, கம்பம் நட்டுக் கட்டி முகட்டுக்கு மேலே நிமிர்த்துங்கள். சுவருக்குள் போகும் பகுதி வெளிப்பக்கம் உயர்ந்து இருக்க வேண்டும். குழாயின் அடியில், எடுத்து மாட்டும்படி ஒரு செங்கல் வையுங்கள்; கரி வாரும் வழி அதுதான்.

கட்டியதும் பற்றவைக்க அவசரப்படாதீர்கள். பதினைந்து நாள் நிழலில் காயட்டும். விரிசல் கண்டால் மண்குழம்பு பூசுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் சிறுதீ மட்டும் போடுங்கள்.

“புகை திரும்பி வருதே”ன்னு தோன்றினால், பாத்திரம் பொருந்தி உட்கார்ந்திருக்கிறதா, சுரங்கம் அடைத்திருக்கிறதா, குழாய் உயரம் போதுமா, இந்த மூன்றையும் பாருங்கள். ஈர விறகு எந்த அடுப்பிலும் புகையும். பிளந்து வெயிலில் காயவைத்து எரியுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அடுப்பு ஆறியபின், நீளக் கம்பில் சாக்கைச் சுற்றிக் குழாயைத் துடையுங்கள். படிந்த கரி புகையை மட்டும் தடுப்பதில்லை. அதுவே தீப்பிடித்துப் பொறி பறந்து கூரையில் விழலாம். இது ஆண்கள் செய்ய வேண்டிய வேலை. ஏர்க் கொழுவைத் தீட்டி வைப்பது போல இதையும் நினைவில் வையுங்கள். நெருப்பு அணையும் வரை ஜன்னலைத் திறந்தே வையுங்கள். கங்கு கிடக்கும்போது குழாயை அடைத்தால் விஷவாயு வீட்டுக்குள் தங்கிவிடும்.

செலவு கொஞ்சம்தான், உழைப்பு உங்களுடையது. அடுத்த மழைக்கு முன்னாலேயே வேலையை முடித்துவிடுங்கள்.