எதிர்பாரா வரவும் கடன் உடன்படிக்கையும்

நல்ல விளைச்சலோ பண்டிகை விற்பனையோ கைகூடினால் சங்கக் கடனை முன்னரே அடைத்துவிட அங்கத்தினர் விழைவது இயல்பு. கடன் தீர்க்க இயலாதோர்க்கு இங்கிலாந்தில் உள்ள ஏற்பாடு ஒன்றில் இது அத்துணை எளிதன்று.

அங்கு 1986ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டப்படி கடனாளி, கடன் கொடுத்தோருடன் உடன்படிக்கை செய்துகொள்ளலாம். வாக்களித்தோரின் கடன் தொகையில் 75 சதவீதத்திற்கு உரியோர் இசைந்தால் ஏனையோரையும் அது கட்டுப்படுத்தும். பெரும்பாலும் 5 ஆண்டுகள் இயன்றதைச் செலுத்தினால் எஞ்சியது தள்ளுபடியாகும்.

இடையில் பாட்டனார் சொத்தோ பரிசுச்சீட்டுப் பணமோ வந்தால், ஒரு பகுதியைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அவ்வரவை மேற்பார்வையாளரிடம் அறிவித்து ஒப்படைக்க வேண்டும் என்பதே வழக்கமான விதி. முழுக் கடனும் செலவும் தீர்ந்தபின் மிஞ்சுவதே அவருடையது. மறைத்தால் உடன்படிக்கை முறியும்; திவாலும் நேரலாம். உறவினர் தம் சொந்தப் பணத்தை உதவுவதாயின் நிலை வேறு; குறைந்த தொகைக்கும் கடன் கொடுத்தோர் இசையக்கூடும்.

இதனைக் கொடுமை என்று நாம் கூறோம். இல்லாமை கருதி விட்டுக்கொடுத்தவர், பொருள் வந்தபின் கேட்பது முறையே. எனினும் நான்காண்டு வயிற்றைக் கட்டித் தவணை செலுத்தியவனுக்கு அவ்வரவில் ஒரு சிறு பங்கேனும் விட்டால் ஆகாதா?