படித்தாச்சு, முடிந்ததா?

போன மாசியில் பூதலூரில் ரயிலை விட்டு இறங்கியபோது விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சித்தப்பா களத்தில் நின்றுகொண்டு நெல் மேல் போட்டிருந்த படுதாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். படுதாவின் உள்பக்கம் முழுக்க ஈரம் கோத்து நின்றது. கொள்முதல் நிலையத்தில் நெல்லை வாங்க ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பகலெல்லாம் காலால் கிளறிக் காயவைத்தாலும், இரவு இறங்கும் மாசிப் பனி அதில் பாதியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

“நெல்லக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக எப்ப சித்தப்பா தேதி?” என்று கேட்டேன்.

“தேதி போன வாரமே வந்து போயிடுச்சுப்பா. நான்தான் மெசேஜப் பாக்காம விட்டுட்டேன். இனி அடுத்த தேதிக்குக் காத்துக் கெடக்கணும்” என்றார்.

கைபேசியை வாங்கிப் பார்த்தேன். அவர் பார்க்காமல் விடவில்லை. வரப்பில் நிற்கும்போது மெசேஜ் வந்திருக்கிறது. திறந்திருக்கிறார், பாதி படித்திருக்கிறார், அறுவடை மிஷின்காரர் கூப்பிட்டதும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்க்கலாம் என்பது எண்ணம். ஆனால் திறந்த கணத்திலேயே அந்த மெசேஜின் தடித்த எழுத்து மெலிந்துவிட்டது. கைபேசியைப் பொறுத்தவரை அதன் கதை அங்கே முடிந்தது. அதன்மேல் கடன் விளம்பரம், ரீசார்ஜ் சலுகை, ஓடிபி, கேஸ் சிலிண்டர், மறுபடி கடன் விளம்பரம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. எண்ணிப் பார்த்தேன். சித்தப்பாவின் தேதி இருபத்து நான்காவது இடத்தில் கிடந்தது.

அவர் தன்னையே நொந்துகொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பது வருஷமாக எந்த மடைக்கு எந்த நாள் முறைத் தண்ணீர், எந்த வயலுக்கு எப்போது மேலுரம் என்று எதையும் மறக்காத மனிதர் அவர். தப்பு அவருடையது இல்லை. ஒரு செய்தியைப் படிப்பதும் அந்தச் செய்தி சொன்ன காரியத்தை முடிப்பதும் ஒன்றே என்று நினைத்து அந்தத் திரையை வடிவமைத்தவர்களுடையது.

இன்பாக்ஸ் என்ற பெட்டியின் வரலாறு நீண்டதில்லை. ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பு வழியாக முதல் மின்னஞ்சலை அனுப்பியது 1971-இல். அப்போது வந்த கடிதமெல்லாம் ஒரே நீளக் கோப்பாக ஒட்டிக்கொண்டு போகும். மூன்றாவது கடிதம் வேண்டுமென்றால் முதல் இரண்டையும் கடந்துதான் வர வேண்டும். மறு வருஷமே லாரி ராபர்ட்ஸ் ஒரு சிறு நிரல் எழுதினார். கடிதங்களைப் பட்டியலாகக் காட்டி, வேண்டியதை மட்டும் திறக்கவும், எடுத்து வைக்கவும், அழிக்கவும் அது வழி செய்தது. இன்று நம் கையில் இருக்கும் இன்பாக்ஸின் தாத்தா அதுதான். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பட்டியலின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. வந்த நேரப்படி வரிசை, படித்ததா படிக்காததா என்ற ஒரே அடையாளம்.

எதிர் வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர் தாலுகா ஆபீஸில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தப்பாவின் கதையைக் கேட்டதும், “படிச்சதெல்லாம் ஒரு கணக்கா தம்பி? எங்க ரிஜிஸ்தர்ல படிச்சதுக்குன்னு காலமே கெடையாது” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அரை நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொன்னது தன்பதிவேட்டைப் பற்றி. சென்னை மாகாண காலத்தில் வருவாய்த் துறை அலுவலகங்களில் வேரூன்றிய டாட்டன்ஹாம் முறையின் உயிர் நாடி அது. தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம் மூன்றும் அந்த முறையிலேயே வளர்ந்தவை. தாலுகா ஆபீஸுக்கு ஒரு தபால் வந்தால் முதலில் அதற்கு ஓர் எண் விழும். அரசுக் கடிதத்தின் தலையில் ‘ந.க.எண்’ என்று பார்க்கிறோமே, அதுதான். பிறகு அது யார் பொறுப்போ அவருடைய தன்பதிவேட்டில் ஏறும். பெரியவர் விரலால் திண்ணையிலேயே காலங்களை வரைந்து காட்டினார். எண், கைக்கு வந்த நாள், அனுப்பியவர், சுருக்கமாகப் பொருள், மேலே சமர்ப்பித்த நாள், திரும்பி வந்த நாள், யாருக்கு எழுதினோம், எப்போது நினைவூட்டினோம், பதில் எப்போது வந்தது, கடைசியில் முடிவு.

இதில் இரண்டு விஷயம் என்னை உட்கார வைத்தன. ஒன்று, பந்து இப்போது யார் கையில் என்பது ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. நான் செய்ய வேண்டியதா, தாசில்தார் மேசையில் இருக்கிறதா, வேறொரு துறையின் பதிலுக்குக் காத்திருக்கிறோமா? நம் இன்பாக்ஸில் நான் பதில் போட வேண்டிய கடிதமும் எனக்குப் பதில் வர வேண்டிய கடிதமும் அடையாளம் தெரியாமல் கலந்து கிடக்கின்றன. பதிலுக்குக் காத்திருப்பதையோ எந்த இன்பாக்ஸும் தானாக எழுந்து நமக்குச் சொல்வது அபூர்வம்.

இரண்டாவது, முடிவு. தன்பதிவேட்டில் ஒரு வரி சும்மா முடியாது. எப்படி முடிந்தது என்று எழுதித்தான் முடிக்க வேண்டும். என்றென்றைக்கும் காக்க வேண்டிய கோப்பு ஒரு வகை. பத்தாண்டு வைத்திருந்து அழிக்க வேண்டியது ‘ப.மு.’, மூன்றாண்டுக்கு ‘மூ.மு.’, ஓராண்டுக்கு ‘ஓ.மு.’. இப்படி முத்திரை விழாத வரி நிலுவை. மாதம் பிறந்தால் நிலுவைப் பட்டியல் போட்டு மேலதிகாரியிடம் காட்ட வேண்டும். “அந்தப் பட்டியல் நீளமா இருந்தா அன்னிக்கு ராத்திரி சோறு எறங்காது” என்றார் பெரியவர்.

அந்த முறையின் தாமதத்தையும் அதில் சிக்கி அலைந்தவர்களையும் நான் அறிவேன். பட்டா மாறுதலுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. ஆனால் பதிவேட்டின் வடிவம் வேறு, அதைக் கையாண்ட விதம் வேறு. வடிவம் சொன்னது நேரானது: ஒரு செய்தி உன் கைக்கு வந்தால், நீ முடிக்கும்வரை அது உன் மேல் ஏறிய கடன்.

வீடுகளிலும் இது இருந்தது. பழைய வீட்டுக் கூடத்தில் சுவரோரம் ஒரு வளைந்த கம்பி தொங்கும், நினைவிருக்கிறதா? அடியில் ஒரு மரவில்லை, மேலே கூர் முனை. கடிதம், வாய்தா ரசீது, உர ரசீது எல்லாவற்றையும் அதில் குத்துவார்கள். புதிது மேலே, பழையது கீழே; அச்சு அசல் இன்பாக்ஸ் வரிசை. ஆனால் பதில் போட வேண்டிய கடிதம் கம்பிக்குப் போகாது. அது காலண்டருக்குப் பின்னாலோ முகம் பார்க்கும் கண்ணாடி இடுக்கிலோ செருகிக் கிடக்கும், தினமும் கண்ணில் படும்படி. பதில் எழுதித் தபாலில் போட்ட பிறகுதான் கம்பியில் குத்துவார் என் தாத்தா. குத்தினால் முடிந்தது என்று அர்த்தம். படித்தால் முடிந்தது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மென்பொருள் உலகம் இந்த இடத்துக்கு வராமல் இல்லை. 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனம் ஜிமெயிலைக் கொண்டுவந்தபோது 1 ஜிபி இடம் கொடுத்தது. அழிக்காமல் கிடங்கில் போட்டுவைக்கும் பழக்கத்தைப் பரப்பியது. அதே நிறுவனம் 2014-இல் ‘இன்பாக்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு செயலி விட்டது. அதில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ‘முடிந்தது’ என்று ஒரு டிக் குறி. இப்போது வேண்டாம், வெள்ளிக்கிழமை காலை எடுத்துக்காட்டு என்று தள்ளிப்போடும் வசதி. முக்கியமானதைக் குண்டூசி குத்தி நிறுத்தும் வசதி. தாலுகா ஆபீஸ்காரருக்கு இதில் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது. ஆனாலும் மிக நல்ல வடிவமைப்பு அது. 2019 ஏப்ரலில் அதை மூடிவிட்டார்கள். தள்ளிப்போடும் வசதி போன்ற சில ஜிமெயிலுக்குள் வந்து சேர்ந்தன. ‘முடிந்தது’ என்ற சொல் வரவில்லை.

அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் பொறியியல் படித்தது பூதலூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத திருமலைசமுத்திரத்தில், சாஸ்த்ராவில். 2010-இல் சென்னையில் அவர் நண்பருடன் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், வாடிக்கையாளர்களின் புகார்க் கடிதங்களைப் பலர் சேர்ந்து கவனிக்கும் பொதுப் பெட்டி. அங்கே ஒரு கடிதம் திறந்திருக்கிறது, காத்திருக்கிறது, தீர்ந்தது, மூடப்பட்டது என்று நிலை மாறிக்கொண்டே போகும். யார் பொறுப்பு, எதற்குள் பதில் போக வேண்டும் என்பதும் அதன் மேலேயே ஒட்டியிருக்கும். ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று வளர்ந்து 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியது அந்த நிறுவனம். நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் பெட்டியில் ‘முடிந்ததா’ என்ற கேள்வி இருக்கிறது. சித்தப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் பெட்டியில் இல்லை.

அவருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது தமிழ்.

பட்டியலில் ஒரு செய்தியின் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். மிச்சம் மூன்று புள்ளிக்குள் மறைந்துவிடும். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுவதால் பாதி வரியிலேயே என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பிடிபடும். நம் மொழியில் வினை கடைசியில். ‘விவசாயி அவர்களுக்கு, தாங்கள் விற்பனைக்குப் பதிவு செய்த நெல்லை’ என்பதோடு வரி அறுந்தால், கொண்டுவரச் சொல்கிறார்களா, கொண்டுவர வேண்டாம் என்கிறார்களா? போதாக்குறைக்குக் குறுஞ்செய்தி ஒரு தவணைக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்துத் தாங்கும், தமிழில் 70 தான். அதிலும் கணினிக் கணக்கில் ‘கொ’ ஓர் எழுத்து இல்லை, இரண்டு. ‘கொள்முதல்’ என்ற ஒரு சொல்லே ஒன்பதை விழுங்கிவிடும். மரியாதை விளியும் முழுப் பெயரும் முன்னால் வந்து அடைத்துக்கொள்ள, தேதி வாலில் போய்த் தொங்குகிறது.

தடித்த எழுத்து விஷயமும் அப்படித்தான். சித்தப்பாவின் கைபேசியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ண, ஞ, ஜ போன்றவற்றின் சுழிகள் தடித்த எழுத்தில் அடைபட்டுக் கரிய பொட்டுகளாகிவிடுகின்றன. அறுபது வயதுக் கண்ணுக்கு எது தடித்தது, எது சாதாரணம் என்றே தெரியவில்லை. படித்தது, படிக்காதது என்று அந்தத் திரை காட்டும் ஒரே வித்தியாசமும் இங்கே செல்லாக் காசு. தமிழுக்கென்று யோசித்திருந்தால் ஓரத்தில் பட்டையாக ஒரு நிறக்கோடு போட்டிருப்பார்கள்.

வகை பிரிக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. கூகுளின் மெசேஜஸ் செயலியில் ஓடிபி, பணப் பரிமாற்றம், சலுகை என்று தனித்தனித் தட்டு 2021-இல் இந்தியாவுக்காகவே வந்தது. வந்தபோது ஆங்கிலத்தில் மட்டும். டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025-இல் செய்த காரியம் எனக்கு அதைவிடப் பிடித்தது. வணிகக் குறுஞ்செய்தி அனுப்புபவரின் பெயருக்குக் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டிவரும். ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ சேவை, ‘டி’ பரிவர்த்தனை, ‘ஜி’ அரசு. உறையின் மேலேயே குறி போட்டு அனுப்பும் பழைய தபால் புத்தி. உங்கள் கைபேசியை எடுத்து இப்போதே பாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்தக் கடைசி எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள். ‘பி’ என்று முடிவதைத் தயங்காமல் தள்ளலாம். ‘ஜி’ என்று முடிவதை நின்று படிக்க வேண்டும். குறி வந்துவிட்டது. அந்தக் குறியைப் பார்த்து, அரசுச் செய்தியை விளம்பரத்துக்கு மேலே நிறுத்துவதுதான் இனி கைபேசி செய்ய வேண்டிய வேலை.

ஓடிபி வந்தவுடன் ஆறு எண்ணையும் தனியே பிடித்து, நகலெடுக்கப் பொத்தான் நீட்டத் தெரிந்த கருவிக்கு ஒரு தேதியைப் பிடிக்க எவ்வளவு நேரமாகும்? பிப்ரவரி 12 அன்று நெல் கொண்டுவர வேண்டும் என்றால் அந்தச் செய்தி 12-ஆம் தேதிவரை கீழே இறங்கக் கூடாது. எத்தனை கடன் விளம்பரம் வந்தாலும் சரி. வந்த நேரத்துக்கு இருக்கும் மரியாதை கெடுவுக்கும் வேண்டும். பயிர் அப்படித்தான் நடக்கிறது. நாற்று விட்ட நாளை யாரும் நினைத்துக்கொண்டிருப்பதில்லை. பறிக்க இன்னும் எத்தனை நாள் என்பதுதான் பேச்சு.

சித்தப்பாவின் நெல் ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தது, ஆறு நாள் தள்ளி. ஆறு ராத்திரியும் அவரும் சித்தியும் மாறி மாறிக் களத்தில் படுத்துக்கொண்டார்கள்.

ஆடியில் மறுபடி போயிருந்தேன். கூடத்தில் பழைய கம்பி தொங்கிய ஆணியில் ஒரு கோடு போட்ட நோட்டு தொங்கியது. எதிர்வீட்டுப் பெரியவர் ஸ்கேல் வைத்துக் காலம் போட்டுக் கொடுத்திருக்கிறார்: வந்த நாள், யாரிடமிருந்து, என்ன, எந்தத் தேதிக்குள், முடிவு. கைபேசியில் ‘ஜி’ என்று வரும் செய்தியையெல்லாம் தங்கை அதில் எழுதி வைக்கிறாள். முடிந்த வரியைச் சித்தப்பா தன் கையாலேயே சிவப்பு மையில் அடிக்கிறார். விதைநெல் மானியம், அடித்தாயிற்று. உரத்துக்கு ஆதார் சரிபார்ப்பு, அடித்தாயிற்று. பயிர்க் காப்பீடு என்ற வரிக்கு நேரே முடிவுக் காலம் காலியாக இருந்தது. அவர் நோட்டை அந்தப் பக்கமே திறந்திருக்கும்படி ஆணியில் மாட்டிவிட்டுச் செருப்பைத் தேடினார்.