பரிசோதகர்களையே பரிசோதித்தார்கள்!

பதின்மூன்றாம் தேதியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் அது ஆகாத நாள் என்பது மேல்நாட்டாரின் நம்பிக்கை. 1984-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அப்படி ஒரு நாள் வந்தது. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்திலுள்ள பைரன் என்ற சிற்றூருக்கு அருகே பிரமாண்டமான அணு மின்சார நிலையம் ஒன்று எழும்பிக் கொண்டிருந்தது. முந்நூறு கோடி டாலருக்கு மேல் விழுங்கும் என்று மதிப்பிடப்பட்ட நிலையம் அது. இரண்டு உலைகளில் முதலாவது அநேகமாக முடியும் தறுவாயில் இருந்தது. அதை ஓட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டும் என்று காமன்வெல்த் எடிசன் என்ற மின்சாரக் கம்பெனி மனுச் செய்திருந்தது. மூன்று பேர் கொண்ட லைசென்ஸ் போர்டு அந்த வெள்ளிக்கிழமையன்று தன் முடிவை வெளியிட்டது. லைசென்ஸ் கிடையாது!

உலையில் வெடிப்பு ஏதும் கண்டார்களா? குழாயில் ஓட்டையா? அதெல்லாம் இல்லை. நிலையம் கோளாறாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று போர்டார் சொல்லவில்லை. சரியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று நம்புவதற்கு ஆதாரம் போதாது என்றுதான் சொன்னார்கள். வேலையைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பரிசோதகர்களில் பலர் அந்த வேலைக்குத் தகுதி உடையவர்கள்தானா என்பதே சந்தேகமாகி விட்டது. உரைகல்லே போலி என்றால் பொன்னின் மாற்றை யார் சொல்ல முடியும்?

ஏறக்குறைய முடிந்துவிட்ட ஓர் அணு நிலையத்துக்கு ஒரு போர்டு இப்படி ஒரேயடியாகக் கையை விரித்தது அதற்கு முன் நடந்ததில்லை. செய்தி வெளியானதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது.

கண்ணுக்குத் தெரியாத குறை

சாதாரண வீட்டில் சுவர் கோணினால் கண்ணுக்குத் தெரியும். தளம் ஒழுகினால் மழைக்காலத்தில் தெரிந்துவிடும். அணு நிலையத்தின் சங்கதி வேறு. உருக்குக் குழாய்கள் இரண்டைப் பற்றவைக்கும்போது மேலே பார்த்தால் மீன் செதிலைப் போல வரிவரியாக அழகாக இருக்கும். உள்ளே ஒரு காற்றுக் குமிழியோ, கசடோ, உலோகம் சரியாக இளகிச் சேராத ஓர் இடுக்கோ இருக்கலாம். கான்கிரீட் கொட்டி மூடிவிட்டால் அதற்குள் கம்பி எத்தனை, எந்த இடைவெளியில் கட்டப்பட்டது என்று பார்க்க வழியில்லை. மூடுவதற்கு முன் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததை எழுதி வைத்திருக்க வேண்டும். பிறகு அந்தக் காகிதம்தான் சாட்சி.

ஆகவே ஒவ்வொரு முக்கியமான பற்றுக்கும் ஒரு ஜாதகம் உண்டு. பற்றவைத்தவர் யார், எந்தக் கட்டிலிருந்து எடுத்த பற்றுக்குச்சி, எந்தத் தேதி, பார்த்துச் சரி என்றவர் யார் என்று எல்லாம் அதில் பதிவாகும். பரிசோதகர் விளக்கும் சிறு கண்ணாடியும் அளவுகோலும் எடுத்துக் கொண்டு சாரத்தின் மேல் ஏறுவார். சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, நுண்ணிய வெடிப்பிலிருந்து சாயம் கசிகிறதா என்று பார்ப்பதுண்டு. மனித உடம்பை எக்ஸ்ரே எடுப்பது போலக் குழாய்ப் பற்றையும் கதிர் செலுத்திப் படம் பிடிப்பதுண்டு. குறை கண்டால் அதற்கென்றுள்ள படிவத்தில் எழுதித் தர வேண்டும். எழுதிவிட்டால் அந்தக் குறைக்குத் தீர்வு காணும்வரை அந்த இடத்தில் வேலை நிற்கும். கான்ட்ராக்டருக்கு நஷ்டம், மேஸ்திரிக்குக் கோபம். பரிசோதகர் உத்தியோகத்தில் சிநேகிதர்கள் குறைவு!

1970-ம் வருஷத்தில் அமெரிக்க சர்க்கார் இதற்கென்று பதினெட்டு அம்சங்கள் கொண்ட விதிகளை வகுத்தது. ஒரு வேலையைச் செய்தவரே அதைச் சோதிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. சோதிப்பவருக்குச் செலவைப் பற்றியோ தவணையைப் பற்றியோ கவலையில்லாமல் குறையைச் சொல்லும் சுதந்திரம் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. பரிசோதகருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு பிரமாணம் ஏற்பட்டது. அதில் மூன்று படிகள் உண்டு. முதற்படிக்காரர் அளந்து எழுதுவார். இரண்டாம் படிக்காரர் அது ஏற்கத்தக்கதா என்று தீர்மானிப்பார். மூன்றாம் படிக்காரர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியும் பரீட்சையும் சரியானவைதானா என்று பார்ப்பார். வருஷத்துக்கு ஒரு தரம் கண் பார்வை முதலிய உடல் தகுதியைச் சோதித்தாக வேண்டும்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதற்படிக்கு உயர்நிலைப் பள்ளிப் படிப்பும் ஆறு மாத அனுபவமும் இருந்தால் போதும். அதுகூட இரும்பு விதி அல்ல. வேறு காரணங்களால் ஒருவர் திறமைசாலி என்று தோன்றினால் அவரைச் சேர்த்துக் கொள்ளலாம் என்று பிரமாணமே வழிவிட்டிருந்தது. அவசரத்தில் ஆள் பிடிக்கிற கான்ட்ராக்டருக்கு இதைவிட அகலமான கதவு வேண்டுமா?

மூன்று மாதக் கணக்கு

பைரனில் நடந்தது இதுதான். 1982-ல் அணுசக்தி ஒழுங்குமுறைக் கமிஷனின் ஆட்கள் அங்கே போய்ப் பார்த்தபோது, சில கான்ட்ராக்டர்கள் தங்கள் பரிசோதகர்களுக்குத் தகுதிப் பத்திரம் கொடுத்த விதம் திருப்திகரமாக இல்லை என்று கண்டார்கள். அப்படியானால் அந்தப் பரிசோதகர்கள் அதற்குள் "சரி" என்று கையெழுத்திட்டுவிட்ட ஆயிரக்கணக்கான வேலைகளின் கதி என்ன? எல்லாவற்றையும் இடித்துப் பார்க்க முடியுமா?

கம்பெனி ஒரு யுக்தி செய்தது. பரிசோதகர்களில் சிலரை மாதிரிக்குத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரும் வேலையில் சேர்ந்த முதல் மூன்று மாதங்களில் பார்த்த வேலையை வேறு தகுதியுள்ளவர்களைக் கொண்டு மறுபடி பார்க்கச் செய்தது. ஒரு மனிதர் தப்புச் செய்வதானால் தொழிலுக்குப் புதியவராக இருந்த அந்த நாட்களில்தானே அதிகம் செய்திருப்பார்? அதில் தேறினால் பிந்திய வேலையை நம்பலாம். தேறாவிட்டால் அடுத்த மூன்று மாத வேலையையும் தோண்டிப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு ரசமான சங்கடம் எழுந்தது. ஆணி இருக்கிறதா, அளவு சரியா என்பதில் இரண்டு பேருக்கு அபிப்பிராய பேதம் வரக் கூடாது. ஆனால் பற்றின் தோற்றம் சரியா என்பது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது; தேர்ந்த இருவர் பார்த்தாலும் ஒருவர் சரி என்பார், மற்றவர் போதாது என்பார். ஆகவே முதல் வகைக்கு நூற்றுக்கு 95-ம் இரண்டாம் வகைக்கு 90-ம் தேர்ச்சி மார்க்கு என்று வைத்தார்கள். கான்கிரீட்டுக்குள் மறைந்து போன வேலையை எப்படி மறுபடி பார்ப்பது? பார்க்க முடியாது. எட்டக்கூடிய வேலையைக் கொண்டு எட்டாததை ஊகிக்க வேண்டியதுதான்.

1984 ஜனவரியில் போர்டுக்கு இந்த ஊகம் போதவில்லை. கம்பெனி அப்பீல் செய்தது. மனுவை ஒரேயடியாகத் தள்ளியது அவசரம், விசாரணையை மறுபடி திறந்து சாட்சியம் கேளுங்கள் என்று மே மாதத்தில் அப்பீல் போர்டு உத்தரவிட்டது. மறு சோதனையின் முடிவுகள் குறுக்கு விசாரணையில் புரட்டி எடுக்கப்பட்டன. அக்டோபரில் போர்டார் திருப்தி அடைந்தார்கள். 1985-ல் முதல் உலை மின்சாரம் விற்கத் தொடங்கியது.

தலையில் கொட்டிய தண்ணீர்

ஒஹையோ நதிக்கரையில், மாஸ்கோ என்ற கிராமத்தின் அருகே எழுந்த ஸிம்மர் நிலையத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே தகுதியுள்ள பரிசோதகர்களைக்கூட வேலை செய்ய விடவில்லை. சோதித்துக் கொண்டிருக்கும்போது அவர்கள் தலையில் தண்ணீர் கொட்டினார்கள். உதைப்போம் என்று மிரட்டினார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த குறைப் பத்திரங்கள் செல்லாதவையாக்கப்பட்டன. இதையெல்லாம் கமிஷனே விசாரித்துக் கண்டுபிடித்து, 1981 நவம்பரில் இரண்டு லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஒரு வருஷம் கழித்து, பாதுகாப்பு சம்பந்தமான கட்டட வேலை அனைத்தையும் நிறுத்தும்படி உத்தரவிட்டது. நூற்றுக்கு 97 பங்கு முடிந்துவிட்டதாகக் கம்பெனி சொல்லிக் கொண்டிருந்த நிலையம் அது! ஆரம்பத்தில் 24 கோடி டாலர் என்று போட்ட மதிப்பு. அதற்குள் 170 கோடி போயிருந்தது. பழுது பார்த்து முடிக்க இன்னும் நூறு கோடிக்கு மேல் ஆகும் என்றதும் சொந்தக்காரர்கள் அணுவையே கைகழுவிவிட்டு, அதை நிலக்கரி நிலையமாக மாற்றப் போவதாக அறிவித்தார்கள். அதுவும் அதே 1984 ஜனவரியில்தான். இண்டியானா மாகாணத்தின் மார்பிள் ஹில் நிலையமும் அந்த மாதமே கைவிடப்பட்டது. கான்கிரீட்டில் தேன்கூடு போலப் பொந்துகள் விழுந்து, 1979-ல் வேலை நின்று அவதிப்பட்ட நிலையம் அது. சுமார் 250 கோடி டாலர் மண்ணோடு போயிற்று.

இந்த அவலங்களுக்குக் காரணம் என்ன என்று ஆராயும்படி அமெரிக்கக் காங்கிரஸ் கேட்டுக் கொண்டதன் பேரில் கமிஷன் 1984-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பற்றவைப்பவர் மீதோ பரிசோதகர் மீதோ அது முக்கியப் பழியைப் போடவில்லை. அணு நிலையம் கட்டிப் பழக்கமில்லாத கம்பெனி நிர்வாகங்கள் பெரிய வேலையை மேற்போட்டுக் கொண்டு, மேற்பார்வையைக் கோட்டை விட்டதே மூலகாரணம் என்று அது கூறியது.

பரிசோதகரின் பிழைப்பைப் பற்றிய வழக்கு வேறு பாதையில் போயிற்று. குறை சொன்ன ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்று 1978-லேயே சட்டம் வந்திருந்தது. ஆனால் சர்க்காரிடம் போய்ச் சொன்னால்தான் பாதுகாப்பா, கம்பெனிக்குள்ளேயே குறைப் பத்திரம் எழுதினாலும் உண்டா? வாஷிங்டன் மாகாணத்திலிருந்து வந்த வழக்கில் உண்டு என்றது ஓர் அப்பீல் கோர்ட்டு. டெக்ஸாஸிலிருந்து வந்த வழக்கில் இல்லை என்றது இன்னொன்று. இரண்டு தீர்ப்பும் 1984-ல் வந்தவை! தன் கடமையைச் செய்து படிவத்தைப் பூர்த்தி செய்ததற்காக ஒருவர் வேலை இழந்தால், அவர் எந்த மாகாணத்தில் இருந்தார் என்பதைப் பொறுத்து நியாயம் என்றாகிவிட்டது. 1992-ல்தான் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, மேலதிகாரியிடம் சொன்னாலும் பாதுகாப்பு உண்டு என்று தெளிவாக்கிற்று.

ஸிம்மர் நிலையம் 1991-ல் நிலக்கரியை எரிக்கத் தொடங்கி, 2022-ல் மூடப்பட்டது. பைரனில் இரண்டாவது உலை 1987-ல் ஓடத் தொடங்கிற்று. கட்டுப்படியாகவில்லை என்று அந்த நிலையத்தையும் மூடிவிட 2021-ல் ஏற்பாடு நடந்தது; இல்லினாய் சட்டசபை கடைசி நேரத்தில் ஒரு சட்டம் இயற்றி அதைக் காப்பாற்றியது.